புதுக் கல்லூரியா, பழைய கல்லூரியா?

(நம் சங்கக் கூடத்தில் ஞாயிறு மாலை நடந்த "பிளஸ் டூவுக்குப் பிறகு" கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேசியவர் நம் குடியிருப்பில் வசிக்கும், அரசு மருத்துவக் கல்லூரியில் இருந்து ஓய்வு பெற்ற பொது மருத்துவப் பேராசிரியர்.)

சங்கத் தலைவர் என்னிடம் இருபது நிமிடம் என்று சொல்லியிருக்கிறார். ஏழு மணிக்குத் தண்ணீர் லாரி வரும், பாதிப் பேர் எழுந்து போய்விடுவீர்கள் என்றும் எச்சரித்திருக்கிறார். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நீட் முடிவு வந்ததில் இருந்து லிஃப்டிலும் வாக்கிங்கிலும் என்னை நிறுத்திக் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "சார், மார்க் பார்டரில் இருக்கு. எம்.எம்.சி., ஸ்டான்லி கிடைக்காது. வெளியூரில் புதுசாகத் தொடங்கின அரசுக் கல்லூரி கிடைக்கும். இல்லையென்றால் இங்கேயே பக்கத்தில் பணம் கட்டிச் சேர்க்கலாம். எது நல்லது?" இன்னொரு வீட்டில் நல்ல ரேங்க். அவர்கள் கேள்வி வேறு மாதிரி. "எய்ம்ஸ் மதுரை கிடைக்கும்போல இருக்கு. எய்ம்ஸ் என்கிற பெயரை விட்டுவிட்டு எம்.எம்.சி. போவதா?"

கவுன்சலிங்கில் கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பூட்ட உங்களுக்குக் கிடைப்பது சில நாட்கள்தான். ஒரு காலத்தில் முதல் வருடம் முடிந்ததும் ஊர் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு வழி இருந்தது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு விதிகளில் அந்த வழியை அடைத்துவிட்டார்கள். ஒரு கல்லூரியில் சேர்ந்தால் நாலரை வருடப் படிப்பும் ஒரு வருட ஹவுஸ் சர்ஜன் பயிற்சியும் அங்கேதான். இந்த விஷயத்தை உட்கார்ந்து பேசலாம் என்று நான் சொன்னது அதற்காகத்தான்.

முதலில் நம் ஊரின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம். எம்.எம்.சி. 1835-இல் தொடங்கியது. ஆனால் நாம் ஜி.எச். என்று சொல்கிற ஆஸ்பத்திரி 1664-இல் கோட்டைக்குள் தொடங்கியது. கல்லூரி வருவதற்கு 171 வருடம் முன்பே அங்கே நோயாளிகள் இருந்தார்கள். வடசென்னைப் பெரியவர்கள் ஸ்டான்லியை இன்றும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டுப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரத்தில் இருந்து வளர்ந்த இடம் அது. அங்கே கல்லூரி வந்தது 1938-இல். கீழ்ப்பாக்கம் கல்லூரி 1960-இல் வந்தது. அதன் மாணவர்கள் பயிற்சிக்கு வருகிற நம் ராயப்பேட்டை ஆஸ்பத்திரி 1911-இல் இருந்தே நடக்கிறது. வேலூர் சி.எம்.சி.யும் அப்படித்தான். ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைக் கட்டில் போட்டுத் தொடங்கினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918-இல் வந்தது.

எல்லா இடத்திலும் முதலில் நோயாளி வந்தார், பிறகு வாத்தியார், கடைசியில்தான் மாணவன். நாம் "பழைய கல்லூரி" என்று மரியாதையோடு சொல்வதில் பாதி மரியாதை அந்த ஆஸ்பத்திரிக்குச் சேர வேண்டியது. ஒரு கல்லூரிக்கு எத்தனை வயது என்று கேட்காதீர்கள். அதன் ஆஸ்பத்திரிக்கு எத்தனை வயது, அந்த ஊர்க்காரர்கள் அதை நம்பி வருகிறார்களா என்று கேளுங்கள்.

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு புதுக் கல்லூரிகளைப் பார்த்தால், அவை எல்லாம் ஒரே ரகம் இல்லை என்று தெரியும்.

2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகளைப் பிரதமர் காணொலி வழியாகத் திறந்து வைத்தார். விருதுநகர், ராமநாதபுரம், திண்டுக்கல், நாமக்கல், திருப்பூர், கிருஷ்ணகிரி, கள்ளக்குறிச்சி, அரியலூர், நாகப்பட்டினம், நீலகிரி, திருவள்ளூர். மொத்தம் 1,450 இடங்கள். பெரும்பாலும் மாவட்டத் தலைமை மருத்துவமனையாகப் பல காலம் நடந்துகொண்டிருந்த ஆஸ்பத்திரிகளை ஒட்டி வந்தவை. பெயர்ப்பலகை புதிது, ஆஸ்பத்திரி பழையது. அங்கே காலை எட்டரைக்கு ஓ.பி. சீட்டு வாங்க நிற்கிற வரிசை, கல்லூரி வரும் முன்னாலும் நின்றுகொண்டிருந்த வரிசை.

விருதுநகரில் பட்டாசு ஆலை விபத்து நடந்தால் தீக்காயத்தோடு வருவார்கள். கிருஷ்ணகிரியில் நெடுஞ்சாலை விபத்து ஓயாது. நீலகிரியில் பழங்குடி மக்களிடம் காணப்படும் அரிவாள் செல் சோகையை, நாங்கள் எல்லாம் புத்தகத்தில் படம் பார்த்துப் படித்ததை, ஒரு மூன்றாம் வருட மாணவி கட்டிலருகே நின்று கற்றுக்கொள்ளலாம். பாம்புக்கடி பற்றி நான் சொல்லவே வேண்டாம். மயிலாப்பூரில் வளர்ந்த பிள்ளை கடிபட்டவரை முதன்முதலாகப் பார்ப்பது இப்படி ஓர் ஊரில்தான்.

இன்னொரு ரகம், கட்டடம் முதலில் வந்து நோயாளியைப் பிறகு தேடுகிற கல்லூரி. நெடுஞ்சாலையில் பைபாஸ் தாண்டி, பெரிய வளைவு, கண்ணாடிக் கட்டடம், உள்ளே போனால் ஏ.சி. வகுப்பறை. வார்டுக்குப் போனால் கட்டில்களில் விரிப்பு கசங்காமல் இருக்கும். எல்லாத் தனியார் கல்லூரியும் அப்படி என்று நான் சொல்லவில்லை. போரூர் ராமச்சந்திரா 1985-இல் தொடங்கியது. அங்கே நோயாளிக்குப் பஞ்சம் கிடையாது. ஆனால் ஆய்வு நாளில் மட்டும் கட்டில் நிரம்புகிற கல்லூரிகள் நாட்டில் உண்டு என்பது வெறும் வதந்தி இல்லை. 2025-இல் சி.பி.ஐ. போட்ட வழக்கே இதைப் பற்றித்தான். ஆய்வு தேதியை முன்கூட்டியே கசியவிட்டது, இல்லாத பேராசிரியர்களைக் கணக்கில் காட்டியது, பொய் நோயாளிகளைப் படுக்க வைத்தது என்று பல மாநிலக் கல்லூரிகள் மீதும் அதிகாரிகள் மீதும் குற்றச்சாட்டு. வழக்கு எப்படி முடியும் என்பது நீதிமன்றத்தின் வேலை. பெற்றோர் எச்சரிக்கையாக இருக்க அந்தக் குற்றச்சாட்டே போதும்.

புதுக் கல்லூரியில் இன்னோர் ஆபத்தும் உண்டு. முதல் அணி படித்து முடித்து அங்கீகாரம் வரும் வரை அனுமதியைத் தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டே போக வேண்டும். சென்னையைச் சுற்றியே, முதல் அணியைச் சேர்த்துவிட்டு அடுத்த வருடம் அனுமதி கிடைக்காமல், பிள்ளைகளும் பெற்றோரும் கோர்ட் படி ஏறிய தனியார் கல்லூரிகள் இருந்திருக்கின்றன. பெயர் வேண்டாம். பழைய கல்லூரி என்றால் இந்தத் தொல்லையே இல்லை என்றும் நினைக்காதீர்கள். 2023 மே மாதம் சிசிடிவி கேமராவிலும் ஆதாரோடு இணைந்த வருகைப் பதிவிலும் குறை என்று மூன்று அரசுக் கல்லூரிகளின் அங்கீகாரத்தை ஆணையம் ரத்து செய்தது. தர்மபுரி, திருச்சி, மூன்றாவது ஸ்டான்லி! அடுத்த மாதமே திரும்பக் கொடுத்துவிட்டார்கள். கேமராவுக்காக ஸ்டான்லியை இழுத்து மூடிவிட முடியாது என்று அவர்களுக்கும் தெரியும். அரசுக் கல்லூரியில் இப்படி ஒரு சிக்கல் வந்தால் அரசாங்கமே போய்ப் பேசும். தனியார் புதுக் கல்லூரியில் வந்தால் நீங்கள் வக்கீல் வைக்க வேண்டும். இது பெரிய வித்தியாசம்.

சரி, அரசுக் கல்லூரிக்கு உள்ளேயே பழசா, புதுசா? நான் சென்னையில் ஒரு பெரிய கல்லூரியிலும், பிறகு மாவட்டத்தில் அப்போது புதிதாக இருந்த ஒரு கல்லூரியிலும் பாடம் எடுத்தவன். இரண்டுக்கும் நன்மை உண்டு, இரண்டிலும் தலைவலி உண்டு.

பெரிய கல்லூரியில் ஒரு வருடத்துக்கு 250 பேர். அபூர்வமான நோய் எல்லாம் அங்கேதான் வந்து சேரும், ஏனென்றால் மாவட்டங்களில் இருந்து கடைசியாக அனுப்புவது அங்கேதான். ஆனால் அந்த நோயாளியைச் சுற்றி முதலில் பேராசிரியர், பிறகு உதவிப் பேராசிரியர், பிறகு மேற்படிப்பு மாணவர்கள், அதற்குப் பின்னால் ஹவுஸ் சர்ஜன், அவர்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறவர்தான் உங்கள் பிள்ளை. நுரையீரலில் நீர் எடுப்பதை எட்டு முறை பார்த்திருப்பான், ஒரு முறைகூட ஊசியைப் பிடித்திருக்க மாட்டான். கூச்சப்படுகிற பிள்ளை பெரிய கல்லூரியில் பின் வரிசையிலேயே நின்று ஐந்தரை வருடத்தைக் கடத்திவிடலாம். யாரும் கவனிக்க மாட்டார்கள்.

புதுக் கல்லூரியில் 100 பேர், 150 பேர். மேற்படிப்பு மாணவர்கள் இல்லை, அல்லது மிகக் குறைவு. பிரசவம் பார்க்க, தையல் போட, விபத்தில் வந்தவருக்கு முதல் கை வைக்க, ஹவுஸ் சர்ஜனுக்குத் தானாக வாய்ப்பு வரும். நான் மாவட்டத்தில் இருந்தபோது அங்கே பயிற்சி முடித்துப் போன பிள்ளைகளின் கைப்பழக்கம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஒரு சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது? பெரிய கல்லூரியில் பக்கத்து அறையில் மூன்றாம் வருட மேற்படிப்பு அக்கா ஒருத்தி தூங்காமல் இருப்பாள். "ஈ.சி.ஜி.யைக் காட்டுடா" என்று வாங்கிப் பார்த்து, திட்டி, சொல்லிக் கொடுப்பாள். என் அனுபவத்தில் மருத்துவத்தில் பாதியை அந்த அக்காக்களும் அண்ணன்களும்தான் கற்றுக் கொடுக்கிறார்கள், நாங்கள் இல்லை. புதுக் கல்லூரியில் அந்த நடுப்படி இல்லை. பேராசிரியர் போனில் இருப்பார். அவரே வெள்ளிக்கிழமை மாலை ரயிலேறிச் சென்னைக்கு வந்துவிடுகிறவராகவும் இருக்கலாம். ஆசிரியர் பற்றாக்குறை இன்றைக்குத் தமிழ்நாட்டில் ஊரறிந்த விஷயம். 2025-இல் நம் அரசுக் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றுக்கு விளக்கம் கேட்டு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. அதில் பழையவையும் உண்டு. ஆனாலும் ஆள் குறைந்தால் பெரிய கல்லூரியில் இரண்டு பேர் வேலையை ஒருவர் செய்வார். சின்னக் கல்லூரியில் ஒரு துறையே காலியாகக் கிடக்கும்.

எய்ம்ஸ் மதுரை பற்றிக் கேட்டவருக்கு இப்போது பதில் சொல்கிறேன். அதற்கு 2019 ஜனவரியில் தோப்பூரில் அடிக்கல் நாட்டினார்கள். கட்டடம் எழும்பும் முன்பே, 2022-இல் முதல் 50 மாணவர்களைச் சேர்த்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் உட்கார வைத்தார்கள். யோசித்துப் பாருங்கள். ராமநாதபுரம் கல்லூரியே அந்த வருடம்தான் தன் முதல் 100 பேரைச் சேர்த்தது. இரண்டு புதுக் கல்லூரிகள், ஒரே வளாகம், ஒரே ஆஸ்பத்திரி. நாட்டிலேயே பெரிய பெயரோடு வந்த பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னது அந்த மாவட்ட ஆஸ்பத்திரியின் வார்டுதான். அந்தப் பிள்ளைகள் மோசமாகப் படித்தார்கள் என்று சொல்லவில்லை. அவ்வளவு ரேங்க் வாங்கியவர்கள் எங்கே போட்டாலும் படிப்பார்கள். கேள்வி, நீங்கள் எதை வாங்குகிறீர்கள் என்பது. டெல்லி எய்ம்ஸின் பெயர், டெல்லி எய்ம்ஸின் வார்டு ஆகாது. இருபது வருடம் கழித்து அதுவும் பெரிய இடமாகும், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உங்கள் பெண்ணுக்கு அந்த ஆஸ்பத்திரி வேண்டியது இந்த ஐந்தரை வருடத்துக்குள். என் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் எம்.எம்.சி.யையும் ஸ்டான்லியையும் மேலே போட்டு, எய்ம்ஸ் மதுரையை அதற்குக் கீழேதான் போடுவேன். புதுச்சேரி ஜிப்மர் கிடைத்தால் அது வேறு பேச்சு, அது முழுதாக வளர்ந்த ஆஸ்பத்திரி.

இதே கணக்கில் ஓமந்தூரார் தோட்டத்தையும் கேட்டார்கள். தலைமைச் செயலகத்துக்காகக் கட்டிய கட்டடம், 2014-இல் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனை ஆனது, 2015-இல் கல்லூரி வந்தது, 100 இடங்கள். வீட்டில் இருந்து பஸ்ஸில் போய்விடலாம், அரசுக் கட்டணம், நல்ல கருவிகள். ஒன்றை மட்டும் விசாரியுங்கள். உயர் சிறப்பு மருத்துவமனை என்பது இருதயம், மூளை, சிறுநீரகம் பார்க்கிற இடம். எம்.பி.பி.எஸ். மாணவனுக்கு வேண்டியது காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பிரசவம், குழந்தைக்கு வலிப்பு. அந்த நோயாளிகளைப் பார்க்கப் பிள்ளைகளை எந்த ஆஸ்பத்திரிக்கு, வாரத்தில் எத்தனை நாள் அனுப்புகிறார்கள் என்று அங்கே படிக்கிற மாணவரிடமே கேட்டுவிடுங்கள். பதில் திருப்தியாக இருந்தால் தயங்க வேண்டாம்.

பேச்சுக்கு நடுவே ஒரு மாமி கேட்டார்: "எல்லாம் சரி டாக்டர், பெண் குழந்தையை விருதுநகருக்கும் ராமநாதபுரத்துக்கும் எப்படித் தனியாக அனுப்புவது? அதற்கு இங்கேயே பணம் கட்டிச் சேர்த்துவிடலாமே." நியாயமான கவலைதான், சிரிக்கிற விஷயம் இல்லை. மாமி, நம் அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டை 1954-இல் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி, 1907-இல் புதுக்கோட்டையில் இருந்து மெட்ராஸுக்கு வந்து எம்.எம்.சி.யில் சேர்ந்தார், 1912-இல் டாக்டராக வெளியே வந்தார். அந்தக் காலத்தில் புதுக்கோட்டையில் இருந்து இங்கே அனுப்பினார்கள். நாம் இங்கே இருந்து அந்தப் பக்கம் அனுப்பத் தயங்குகிறோம். புதுக்கோட்டையிலேயே 2017-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது என்பது வேறு விஷயம். விடுதியை நேரில் போய்ப் பாருங்கள். தண்ணீர் வருகிறதா, விடுதிக்கும் வார்டுக்கும் இடையே இரவில் வெளிச்சம் இருக்கிறதா, நைட் டியூட்டி முடிந்து வரும் பெண்களுக்கு ஓய்வறை இருக்கிறதா என்று பாருங்கள். அவ்வளவு தூரம் மனது வரவே இல்லை என்றால் பட்டியலில் செங்கல்பட்டும் திருவள்ளூரும் இருக்கின்றன. இரண்டுக்கும் மின்சார ரயில் போகிறது.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அரசுக் கல்லூரிக்கு ஒரு வருடம் கட்டும் டியூஷன் கட்டணம், நம்மில் பலர் ஒரு வருடத்துக்குக் கட்டுகிற மெயின்டனன்ஸைவிடக் குறைவு. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் பலவற்றில் வருடத்துக்கு இருபது லட்சத்தைத் தாண்டும். படித்து முடிக்க ஒரு ஃபிளாட் போய்விடும். அதற்குப் பிறகு எம்.டி.யா, எம்.எஸ்.ஸா என்கிற செலவு காத்திருக்கிறது. வெறும் எம்.பி.பி.எஸ்.ஸோடு இன்றைக்கு யாரும் நிற்பதில்லை. மேற்படிப்புக்கு நீட் பி.ஜி. மார்க்தான். நீங்கள் எந்தக் கல்லூரியில் படித்தீர்கள் என்பதற்கு அங்கே ஒரு மார்க்கும் கிடையாது. பட்டச் சான்றிதழும் அப்படியே. எம்.எம்.சி.யில் படித்தாலும் விருதுநகரில் படித்தாலும், கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது நமக்குப் பக்கத்தில் கிண்டியில் இருக்கிற எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்தான். ஆகவே வெளியூர் அரசுக் கல்லூரி கையில் இருக்கும்போது, வீட்டுக்குப் பக்கம் என்கிற ஒரே காரணத்துக்காகப் பணம் கொட்டுவதை நான் ஏற்க மாட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

போய்ப் பார்ப்பது எப்படி என்று சிலர் கேட்டார்கள். டீனைப் பார்க்க அப்பாயின்ட்மென்ட் கேட்காதீர்கள், சுற்றிக் காட்டுவார்கள், எல்லாம் பளபள என்று இருக்கும். திங்கள்கிழமை காலை ஒன்பது மணிக்கு நோயாளி மாதிரி ஓ.பி. வரிசையில் போய் நில்லுங்கள். மதியம் பிரசவ வார்டு வாசலில் எத்தனை குடும்பம் பையோடு உட்கார்ந்திருக்கிறது என்று எண்ணுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அரை மணி நேரம் நின்றால் 108 எத்தனை முறை வருகிறது என்று தெரியும். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், "வீட்டில் ஒருத்தருக்கு மூச்சு முட்டினால் எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்கிற பெயர் நீங்கள் பார்க்க வந்த ஆஸ்பத்திரியாக இல்லாவிட்டால், திரும்பி ரயில் ஏறலாம்.

பிறகு இரண்டு மாணவர்களைப் பிடியுங்கள், ஒருவர் மூன்றாம் வருடம், ஒருவர் ஹவுஸ் சர்ஜன். கட்டிலருகே வகுப்பு வாரத்தில் எத்தனை நாள் உண்மையாக நடக்கிறது, உடற்கூறு வகுப்பில் ஓர் உடலைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறீர்கள், போன வருடம் பாடம் எடுத்த வாத்தியார்களில் எத்தனை பேர் இந்த வருடமும் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். சுவர் வண்ணம், ஸ்மார்ட் போர்டு, நீச்சல் குளம் பற்றி எல்லாம் கேட்க வேண்டாம்.

ஹாரன் சத்தம் கேட்கிறது, லாரி வந்துவிட்டது. யாருக்காவது தனியாகப் பேச வேண்டும் என்றால், வரும் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குமேல் வீட்டில்தான் இருப்பேன். பிள்ளையையும் அழைத்து வாருங்கள், அவர்கள் இல்லாமல் பேசுவதில் பிரயோஜனம் இல்லை. மார்க், இடஒதுக்கீட்டுப் பிரிவு, போன வருடம் எந்தக் கல்லூரி எந்த மார்க்கில் மூடியது என்கிற தாள், இந்த மூன்றும் இருந்தால் போதும். கல்லூரி விளம்பரப் புத்தகங்களை வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம்.